வாலாய் மீனுக்கு ஸ்பின்னர் தகடு தேர்ந்தெடுப்பது எப்படி: வேகத்தில் தொடங்கி நிறத்தில் முடிக்கும் முழு வழிகாட்டி

கடையில் ஸ்பின்னர் பிளேடுகள், அதாவது தூண்டில் முள்ளுக்கு முன்னால் சுழன்று மீனை ஈர்க்கும் தகடுகள், தொங்கும் பலகை முன்னால் நிற்கும் புதியவர் முதலில் பார்ப்பது நிறத்தை. பச்சையா, ஆரஞ்சா, தங்கமா என்று பத்து நிமிடம் யோசிப்பார். தகட்டின் வடிவத்தையும் அளவு எண்ணையும் கைக்கு வந்தபடி எடுப்பார். பிறகு படகில் ஏறி ஏதோ ஒரு வேகத்தில் இழுப்பார். தகடு சுழலவே இல்லை என்பது அன்று முழுவதும் தெரியாமலே போய்விடும்.

இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். முதலில் வேகம், அதற்கேற்ற வடிவம், பிறகு அளவு, கடைசியில்தான் நிறம். சுழலாத தகட்டுக்கு எந்த நிறம் பூசினாலும் அது தங்கூசியில் (தூண்டில் நூலில்) தொங்கும் வெறும் உலோகத்துண்டுதான்.

அமெரிக்காவின் வடமாநிலங்களிலும் கனடாவிலும் பிடிக்கப்படும் வாலாய் மீனுக்கானது இந்த வழிகாட்டி. ஈரி ஏரி, மினசோட்டாவின் மில் லாக்ஸ், வடடகோட்டாவின் டெவில்ஸ் லேக், ஒன்டாரியோவின் கின்டே விரிகுடா போன்ற நீர்நிலைகளைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டது. கனடாவில் இதே மீனைப் பலர் பிக்கரல் என்கிறார்கள். டொராண்டோவிலிருந்து கின்டே பக்கம் தூண்டிலோடு போகும் தமிழர்கள் கடையில் இந்த இரண்டு பெயரையும் கேட்பீர்கள். மீன் ஒன்றுதான்.

1. கிளம்பும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை

தகடுகள்: கொலராடோ, இந்தியானா, வில்லோ ஆகிய மூன்று வடிவங்களிலும் 3, 4, 5 எண்களில் இரண்டிரண்டு. இவற்றோடு கொலராடோ 2-ல் இரண்டும், மைலார் பிளாஸ்டிக்கில் செய்த இலகுவான தகடு நாலைந்தும். ஆரம்பத்தில் நிறத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் வெள்ளிப்பளபளப்பு ஒன்று, தங்கப்பளபளப்பு ஒன்று இருந்தால் போதும்.

மற்றவை: தகட்டைத் தங்கூசியில் மாட்டும் கிளெவிஸ், 5 மில்லிமீட்டர் மணிகள், 2 மற்றும் 4 எண் ஆக்டோபஸ் வகைத் தூண்டில் முட்கள், 12 முதல் 20 பவுண்டு வரை தாங்கும் மோனோ (ஒற்றை நைலான் இழை) அல்லது ஃப்ளூரோகார்பன் தங்கூசி, நல்ல ஸ்விவல்கள் (சுழல் இணைப்புகள்), 1 முதல் 3 அவுன்ஸ் வரையிலான பாட்டம் பவுன்சர்கள். பாட்டம் பவுன்சர் என்பது நடுவில் ஈயம் வார்த்த, வளைத்த கம்பி. கம்பியின் கால் தரையைத் தட்டித் தட்டிப் போகும். பின்னால் வரும் முள் தரைக்குச் சற்று மேலே மிதந்தபடி வரும்.

தண்ணீரின் வெப்பத்தைக் காட்டும் கருவியும், மணிக்கு 0.1 மைல் துல்லியத்தில் வேகம் காட்டும் ஜிபிஎஸ்ஸும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். 0.8 மைலுக்கும் 1.4 மைலுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தகட்டுக்கு அது பகலும் இரவும்.

2. வேகத்தை முடிவு செய்வது

வேகத்தை முடிவு செய்வது தண்ணீரின் வெப்பம்தான். மீனின் உடல் சூடு தண்ணீரோடு ஏறி இறங்கும். குளிர்ந்த நீரில் அது துரத்தாது. வெதுவெதுப்பான நீரில் பசியோடு விரட்டி வரும். கீழே உள்ள எண்கள் தொடங்கும் இடத்தைக் காட்டுகின்றன, அவ்வளவே. மீன் கொத்துவதைப் பார்த்து அங்கிருந்து நகர வேண்டும்.

50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் (10 செல்சியஸ்) கீழே: மணிக்கு 0.5 முதல் 0.8 மைல். உண்மையில் இந்த வெப்பத்தில் ஜிக் (ஈயத்தலை முள்) போடுவதே மேல். ஸ்பின்னர்தான் வேண்டும் என்றால் மிகச் சிறியதைப் போடுங்கள்.

55 முதல் 65 வரை: 0.8 முதல் 1.2 மைல். மண்புழுவும் ஸ்பின்னரும் நன்றாக வேலை செய்யத் தொடங்குவது இங்கேதான்.

65-க்கு மேல்: 1.2 முதல் 1.8 வரை. கோடையின் உச்சத்தில் 2 மைலைத் தாண்டியும் மீன் அடிக்கும்.

இலையுதிர்காலத்தில் நீர் மறுபடி குளிரும்போது வேகத்தையும் அதோடு சேர்த்துக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஜிபிஎஸ் காட்டுவது தரையை வைத்து அளந்த வேகம். தகட்டுக்குத் தெரிவதோ அதன்மேல் ஓடும் தண்ணீரின் வேகம். 0.5 மைல் நீரோட்டத்தோடு சேர்ந்து 1.2 மைலில் போனால் தகடு உணர்வது 0.7 தான். அதே நீரோட்டத்தை எதிர்த்து 1.2-இல் போனால் 1.7. ஆறுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஈரி போன்ற பெரிய ஏரிகளிலும் காற்று தண்ணீரைத் தள்ளி நீரோட்டத்தை உண்டாக்கும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். கிழக்கே போகும்போது மீன் கிடைத்து மேற்கே திரும்பும்போது கிடைக்கவில்லை என்றால், மீனைக் குற்றம் சொல்வதற்கு முன் வேகத்தைச் சரிபாருங்கள்.

3. வேகத்துக்கேற்ற வடிவம்

வடிவத்தில் கவனிக்க வேண்டியது, சுழலும்போது தகடு தங்கூசியிலிருந்து எவ்வளவு விரிந்து நிற்கிறது என்பது. விரிவு அதிகமானால் தண்ணீரை அதிகம் தள்ளும், அதிர்வும் அதிகம், மெதுவான வேகத்திலேயே சுழலும். விரிவு குறைந்தால் அதிர்வு குறையும், மினுக்கல் கூடும், சுழல வேகம் வேண்டும்.

கொலராடோ: சின்னக் கரண்டியின் குழிபோல, கிட்டத்தட்ட வட்டமாக இருக்கும். தங்கூசியிலிருந்து ஏறக்குறைய 50 முதல் 60 டிகிரி விரிந்து சுழலும். 0.7 அல்லது 0.8 மைலிலேயே நன்றாகச் சுழன்று, தூண்டில் கம்பின் நுனியில் தும் தும் என்று தெரியும். கலங்கிய நீர், இரவு, குளிர்ந்த நீர் இந்த மூன்றுக்கும் இதுவே முதல் தேர்வு. வாலாய் தன் உடலின் இருபக்கமும் ஓடும், அதிர்வை உணரும் பக்கக்கோட்டால் இந்த அதிர்வைப் பிடித்துக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்தே திரும்பும்.

இதன் குறை, வேகம் கூடினால் இழுவையும் ஏறிவிடும். 2 மைலில் 6-ஆம் எண் கொலராடோவை இழுத்தால் ரிக் (தகடு, மணி, முள் சேர்ந்த கட்டு) மேலே எழும்பி மீனின் தலைக்கு மேலே போய்விடும். புழுவும் சின்னாபின்னமாகும்.

இந்தியானா: நீர்த்துளி வடிவம். விரிவு 45 டிகிரியை ஒட்டியது. 0.9 முதல் 1.5 மைல் வரை எந்தப் பிரச்சினையும் தராது. ஒரே ஒரு வடிவம்தான் வாங்க முடியும் என்றால் இந்தியானா 4 வாங்குங்கள். அதிர்வு, மினுக்கல் இரண்டுமே இதில் போதுமான அளவு உண்டு. வேகத்தில் நீங்கள் கொஞ்சம் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். புதியவருக்கு இந்தப் பொறுமைதான் தேவை.

வில்லோ: மூங்கில் இலைபோல நீண்டு ஒல்லியாக இருக்கும். தங்கூசியை ஒட்டியே, 20 முதல் 30 டிகிரி விரிவில் சுழலும். 1.3-க்குக் கீழே நம்ப முடியாது, 1.5-க்கு மேல்தான் உயிர் வரும். தெளிந்த நீரிலும், கோடையிலும், சிறுமீன் கூட்டங்களை வாலாய் துரத்தும் இடங்களிலும் இது மின்னுவது ஒரு சிறுமீன் பக்கம் திரும்புவதைப்போலவே இருக்கும். நீர்ச்செடிகளின் தலைக்கு மேலே இழுக்கவும் இதுதான் நல்லது. ஒல்லியாக இருப்பதால் செடியில் அவ்வளவாக மாட்டாது. கொலராடோவை அங்கே போட்டால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பாசி எடுக்க வேண்டியிருக்கும்.

ஹாட்செட்: ஒரு பக்கம் வெட்டப்பட்ட கோடாரி முகம்போல இருக்கும் தகடு. சுழற்சி சீராக இல்லாமல் கொஞ்சம் தள்ளாடும். எல்லோரும் ஒரே மாதிரித் தகடு இழுக்கும் நெரிசலான இடத்தில் முயன்று பார்க்கலாம். முதல் பெட்டியில் அவசியமில்லை.

மைலார் தகடு: மாக்ஸ் லூர் நிறுவனத்தின் ஸ்மைல் பிளேடு இந்த வகையில் பெயர் பெற்றது. எடையே இல்லை என்று சொல்லும் அளவுக்கு இலகுவானது, இறக்கைகளைக் கையால் வளைத்துச் சுழற்சியை மாற்றிக்கொள்ளலாம். உலோகத் தகடு மூச்சுவிடாமல் கிடக்கும் 0.5 மைலிலும் இது சுழலும். மண்புழுவையே சுழல வைக்கும் ஸ்லோ டெத் எனும் வளைந்த முள்ளோடு சேர்த்து, மந்தமான நாட்களில் இதை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வேகம் விட்டு விட்டு நிற்கும் இடங்களிலும், தரையில் கல் நிறைந்த இடங்களிலும் இது கைகொடுக்கும். படகு நின்றால் உலோகத் தகடு ரிக்கைத் தரைக்கு இழுத்துக் கல்லில் மாட்டிவிடும். மைலார் அவ்வளவு சீக்கிரம் விழாது.

4. எண்ணைத் தேர்ந்தெடுப்பது

எண் கூடக் கூடத் தகடு பெரிது. வாலாய்க்குப் புழங்குவது பெரும்பாலும் 3, 4, 5. குளிர்ந்த வசந்த நீருக்கும், அட்டையை இரையாகப் போடும்போதும் 1 அல்லது 2. ஈரியின் திறந்த நீரில் பெரிய மீனைத் தேடுகிறவர்கள் 6, 7 வரைகூடப் போகிறார்கள்.

ஆனால் எண்ணை வடிவம் மாற்றி ஒப்பிடக் கூடாது. கொலராடோ 4 ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும். வில்லோ 4 அதைவிட மிக நீளமானது. நிறுவனத்துக்கு நிறுவனமும் அளவு மாறும். அதனால் புதிய தகடு வாங்கும்போது எண்ணை மட்டும் நம்பாமல், கையில் இருப்பதோடு வைத்துப் பாருங்கள்.

எதில் தொடங்குவது? இரையைப் பாருங்கள். முழு நைட்கிராலர் மண்புழு என்றால் 4. அட்டை அல்லது பாதிப் புழு என்றால் 2 அல்லது 3. சின்ன இரைக்குமுன் பெரிய தகடு சுழன்றால் மீன் தகட்டைத் தட்டும், முள்ளைத் தொடாது. கம்பின் நுனி இரண்டுமுறை தட்டி நின்றுவிட்டு, மேலே எடுத்தால் புழு முழுதாக இருக்கும் அனுபவம் வந்தால் தகட்டை ஓர் எண் குறையுங்கள்.

ஜூன் மாதம் மேஃப்ளை பூச்சிகள் ஏரித்தரையிலிருந்து எழும்பும் நாட்களில் வாலாய் அவற்றின் புழுக்களைத் தின்று நிறைந்திருக்கும். அப்போதும் சின்னத் தகடு, மெதுவான வேகம். நேற்றுவரை 5-ஆம் எண்ணுக்கு அடித்த மீன் இன்று திரும்பியும் பார்க்கவில்லை என்றால், தண்ணீரின் மேல் பூச்சித்தோல் மிதக்கிறதா என்று பாருங்கள்.

தகட்டின் கனத்தையும் விரலால் உணர்ந்து பாருங்கள். மெல்லிய தகடு சீக்கிரம் சுழலத் தொடங்கும். கனமான தகட்டுக்குக் கூடுதல் வேகம் வேண்டும். குழி ஆழமாக இருந்தால் அதிர்வும் கூடும். மலிவான பாக்கெட்டில் ஒரே எண்ணில் இரண்டு கனம் கலந்து வருவதுண்டு.

5. கிளெவிஸும் மணிகளும்

தகடு சுழலாமல் போவதில் பெரும்பங்கு இங்கே நடக்கும் பிழைதான்.

கிளெவிஸில் இரண்டு வகை. ஒன்று மடித்த உலோகக் கிளெவிஸ், சுழற்சி மிக லேசாக இருக்கும். தகட்டை மாற்ற வேண்டுமானால் முடிச்சை வெட்ட வேண்டும். மற்றது தகட்டைச் சட்டென்று கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் கிளெவிஸ். கற்றுக்கொள்ளும் காலத்தில் பிளாஸ்டிக்கையே வாங்குங்கள். ஒரே ரிக்கில் ஐந்து தகட்டை அடுத்தடுத்து முயன்று பார்க்க முடியும், அந்த வசதிக்கு ஈடில்லை. மெதுவான வேகத்துக்கும் பெரிய தகட்டுக்கும் பிறகு உலோகத்துக்கு மாறலாம். உலோகக் கிளெவிஸின் துளை ஓரத்தில் பிசிறு இருந்தால் தங்கூசியை அறுத்துவிடும். மாட்டும் முன் நகத்தால் ஓட்டிப் பாருங்கள்.

தகட்டின் குழிந்த பக்கம் மணிகளைப் பார்த்திருக்க வேண்டும். புடைத்த பக்கம் வெளியே. திருப்பி மாட்டினால் ஒட்டிக்கொண்டு திணறும், சில வேகங்களில் நின்றே போகும். முதல் நாள் செய்யும் பிழை இது.

மணிகள் அழகுக்கு அல்ல. தகட்டை முள்ளிலிருந்து தள்ளி நிறுத்துவதும், கிளெவிஸ் உருள வழுவழுப்பான இடம் தருவதும்தான் அவற்றின் வேலை. கணக்கு எளிது: தகட்டைத் தங்கூசியோடு ஒட்டிப் படுக்க வைத்தால், அதன் நுனி முள்ளின் கண்ணைத் தொடாமல் அதற்கு முன்பே முடிய வேண்டும். 5 மில்லிமீட்டர் மணி ஆறு போட்டால் 30 மில்லிமீட்டர். கொலராடோ 4-க்கு அது சரி. அதே ஆறு மணியில் வில்லோ 4-ஐ மாட்டினால் நுனி முள்ளில் உரசிச் சிக்கிக்கொள்ளும். பத்து மணியாவது வேண்டும். தகட்டை மாற்றும்போது மணியைக் கூட்ட மறப்பதால், வில்லோ சரியில்லை என்று பெட்டியில் தூக்கிப் போட்டவர்கள் நிறைய.

6. லீடர், முள், புழு

லீடர் என்பது பவுன்சருக்கும் முள்ளுக்கும் இடையிலான தங்கூசி. அதன் நீளத்தை 4 அடியில் தொடங்குங்கள். தெளிந்த நீரில் 6 அடி வரை கூட்டலாம். பெரிய, கனமான தகட்டுக்கு 3 அடிக்குக் குறையுங்கள். நீளமான லீடரில் கனத்த தகடு வேகம் குறையும்போதெல்லாம் தரையில் உரசும். சின்னத் தகட்டுக்கு 12 பவுண்டு தங்கூசி போதும், 5-க்கு மேல் 17 முதல் 20.

நைட்கிராலருக்கு இரண்டு முள், இடையே 4 அங்குலம். அட்டைக்கு ஒற்றை முள் போதும். அதை அட்டையின் பெரிய உறிஞ்சியின் வழியே குத்துங்கள்.

புழுவைக் கோர்ப்பதில் நிதானம் வேண்டும். முன் முள்ளின் நுனியைப் புழுவின் தலை முனையில் நுழைத்து, கால் அங்குலம் போய் வெளியே எடுங்கள். இப்போது லீடரைத் தூக்கிப் பிடித்து, புழுவைத் தன் எடையில் தானாகத் தொங்க விடுங்கள். அது நீண்டு அடங்கட்டும். பின் முள் எங்கே தொடுகிறதோ அங்கேயே மெல்லக் குத்துங்கள். இழுத்துக் குத்தினால் கிழியும். சுருங்கிய புழுவில் குத்தினால் இரண்டு முள்ளுக்கும் நடுவே வில்போல வளைந்து நிற்கும். வளைந்த புழு காற்றாடிபோல மொத்த ரிக்கையும் சுற்றும். அரைமணியில் தங்கூசி முறுக்கேறித் தொலைபேசிச் சுருள்கம்பியாகிவிடும். தங்கூசி முறுக்கினால் எல்லோரும் தகட்டைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் வளைந்த புழுதான் காரணம். லீடரின் மேல்முனையில் நல்ல ஸ்விவல் கட்டியிருந்தால் மிச்ச முறுக்கை அது தாங்கிக்கொள்ளும்.

7. குண்டும் ஆழமும்

10 அடி ஆழத்துக்கு 1 அவுன்ஸ். 20 அடிக்கு 2. வேகம் 1.3-ஐத் தாண்டினால் அரை அவுன்ஸ் கூட்டுங்கள். தங்கூசி தண்ணீரில் ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் இறங்க வேண்டும், பவுன்சரின் கால் தரையை அவ்வப்போது தொட வேண்டும். எந்நேரமும் இழுபட்டுக்கொண்டே வந்தால் தங்கூசி அதிகமாக விட்டிருக்கிறீர்கள்.

தகட்டை மாற்றினால் ஆழமும் மாறும் என்பதைக் கவனியுங்கள். கொலராடோ தண்ணீரை அதிகம் பிடிப்பதால் ரிக்கை மேலே தூக்கும். வில்லோ குறைவாகத் தூக்கும். தரையைத் தொடும் பவுன்சரில் இது பெரிய விஷயமில்லை. ஈரியின் நடுப்படுகைபோல 60 அடி நீரில், பிளேனர் போர்டில் (தூண்டிலைப் படகிலிருந்து பக்கவாட்டில் விலக்கி இழுக்கும் மிதவைப் பலகை) இன்லைன் குண்டோடு (தங்கூசியிலேயே கோர்த்த எடை) நடுநீரில் இழுக்கும்போது வேறு கதை. வில்லோவில் மீன் கொடுத்த அதே நீளத் தங்கூசியில் கொலராடோ 6-ஐ மாட்டினால் அது மீன் இருக்கும் ஆழத்தில் போகாது. தகடு பிடிக்கவில்லை என்று நினைப்பீர்கள். உண்மையில் மீன் தகட்டைப் பார்க்கவே இல்லை.

8. படகோரச் சோதனை

ஒவ்வொரு ரிக்கையும், ஒவ்வொரு தகடு மாற்றத்துக்குப் பின்னும், ஆழத்துக்கு விடும் முன் இதைச் செய்யுங்கள். அரை நிமிட வேலை.

படகு நகரும்போது லீடரை மட்டும் படகின் ஓரம், கையெட்டும் தூரத்தில் தண்ணீரில் விடுங்கள். 0.5 மைலில் தொடங்குங்கள். தகடு முதலில் சாய்ந்து தொங்கும், ஓரிரு முறை பக்கத்துக்குப் பக்கம் அசையும், ஒரு சுற்று சுற்றி நிற்கும். வேகத்தை 0.1 மைல் வீதம் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் தனித்தனிப் பளிச்சுகள் மறைந்து, மணிகளைச் சுற்றி மங்கலான ஓர் ஒளிக்குமிழ் நிற்கும். அந்த வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தகட்டின் தொடக்க வேகம் அது.

இப்போது வேகத்தை மெல்லக் குறைத்து, எங்கே சுழற்சி நிற்கிறது என்றும் பாருங்கள். நீங்கள் இழுக்கப்போகும் வேகம் தொடக்க வேகத்தைவிட 0.2 மைலாவது அதிகமாக இருக்க வேண்டும். அலையில் படகு ஏறி இறங்கும்போது வேகம் அந்த அளவுக்குத் துள்ளும். இடைவெளி இல்லையென்றால் ஒவ்வொரு அலைக்கும் தகடு நின்று நின்று வரும்.

புழுவையும் இதே நேரத்தில் பாருங்கள். தகடு சுழல வேண்டும், புழு நேராக நீந்த வேண்டும். புழுவும் சுற்றினால் மறுபடி கோர்த்துவிடுங்கள்.

9. கடைசியாக நிறம்

முதலில் நீரின் தெளிவை அளவிடுங்கள். வெள்ளிநிறத் தகடு ஒன்றைத் தங்கூசியில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பாருங்கள். 2 அடிக்குள் மறைந்தால் கலங்கிய நீர். 3 முதல் 6 அடி என்றால் மங்கல். 8 அடிக்கு மேலும் தெரிந்தால் தெளிந்த நீர்.

தெளிந்த நீருக்கு வெள்ளி அல்லது நிக்கல். சுத்தியலால் அடித்ததுபோலக் குழிகுழியாக இருக்கும் மேற்பரப்பு மினுக்கலைச் சிதறடிக்கும், வெயில் நாளுக்கு நல்லது. தேயிலைச் சாறுபோலப் பழுப்பேறிய நீருக்குத் தங்கமும் செம்பும். அந்த நீர் நீலத்தை விழுங்கி மஞ்சள், சிவப்புப் பக்க ஒளியையே கடத்துவதால் வெள்ளியைவிட இவை பளிச்சென்று தெரியும். கலங்கிய நீருக்குப் பளீரென்ற எலுமிச்சைப் பச்சை, ஆரஞ்சு, அல்லது இரண்டும் கலந்த ஃபயர்டைகர்.

இதற்குக் காரணம் வாலாயின் கண்ணிலேயே இருக்கிறது. அதன் விழித்திரையில் நிறமறியும் செல்கள் பச்சைக்கும் ஆரஞ்சுச்சிவப்புக்கும்தான் கூர்மையானவை. விழித்திரையின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. விளக்கொளியில் அதன் கண் வெள்ளையாக ஒளிர்வது அதனால்தான். மங்கிய வெளிச்சத்தில் நன்றாகப் பார்க்கும் மீன் இது. ஆகவே அந்தி வேளையில் நிறத்தை மாற்றிக்கொண்டிருப்பதைவிட, அதிர்வு அதிகமுள்ள தகட்டுக்கு மாறுவது பலன் தரும்.

தெளிந்த ஏரியின் ஆழத்தில் சிவப்பு சீக்கிரமே கருத்துவிடும். 30 அடியில் இழுக்கப்போகும் தகட்டுக்குச் சிவப்பைப் பார்த்துக் காசு கொடுக்க வேண்டாம்.

10. தண்ணீரில் மாற்றங்களைச் செய்யும் முறை

இரண்டு கம்பு அனுமதி உள்ள இடத்தில், அல்லது படகில் இருவர் இருந்தால், ஒன்றில் கொலராடோ 4, மற்றதில் வில்லோ 4 என்று தொடங்குங்கள். நிறம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். எது அடிக்கிறது என்று பார்த்து வடிவத்தை முடிவு செய்த பிறகு எண்ணை மாற்றுங்கள், அதற்குப் பிறகு நிறத்தை. ஒரே நேரத்தில் வடிவத்தையும் நிறத்தையும் மாற்றி மீன் கிடைத்தால், எதனால் கிடைத்தது என்று உங்களுக்குத் தெரியாது. 1.2 மைல் வேகத்தில் இந்த இரண்டையும் ஒப்பிடுவதும் நியாயமில்லை, வில்லோ அங்கே பாதி உயிரோடுதான் இருக்கும். 1.5-க்கு அருகில் ஒப்பிடுங்கள். வேகத்தைக் கூட்ட முடியாத நாள் என்றால் வில்லோவுக்குப் பதில் இந்தியானா.

படகை நேர்கோட்டில் ஓட்டாமல் பாம்புபோல வளைத்து வளைத்து ஓட்டுங்கள். வளைவின் உட்புறத் தூண்டில் மெதுவாகி இறங்கும், வெளிப்புறத் தூண்டில் வேகம் கூடி எழும்பும். மீன் தொடர்ந்து வெளிப்புறத்தில் அடித்தால் வேகத்தை 0.2 கூட்டுங்கள். உட்புறத்தில் அடித்தால் குறையுங்கள், அல்லது அந்த வேகத்திலும் சுழலும் கொலராடோவுக்கு மாறுங்கள். எந்தப் புத்தகத்தையும்விட இந்த ஒரு பழக்கம் மீனின் மனதைச் சரியாகச் சொல்லும்.

கம்பின் நுனியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். கொலராடோவின் தும் தும் நின்றால் ஒரு பாசி இழை கிளெவிஸில் மாட்டியிருக்கிறது. ஒரு தலைமுடி அளவு போதும், தகடு நின்றுவிடும். வில்லோவின் துடிப்பு கம்பில் அவ்வளவாகத் தெரியாது. அதனால் செடி உள்ள இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும்.

மீன் கொத்தியதும் வெட்டி இழுக்க வேண்டாம். கம்பைக் கொஞ்சம் பின்னால் விட்டுக்கொடுத்து, கனம் ஏறியதும் பக்கவாட்டில் நிதானமாக இழுங்கள். கொத்தியவுடன் இழுத்தால் பாதிப் புழுதான் மிஞ்சும். முதல் முள்ளைக் கடந்து வாலைத்தான் மீன் முதலில் கவ்வும்.

11. கரைக்கு வந்த பின்

கம்பு எண்ணிக்கை, பிடிக்கும் காலம், அளவு எல்லாம் இடத்துக்கு இடம் வேறு. மினசோட்டாவின் உள்நாட்டு ஏரிகளில் திறந்த நீரில் ஆளுக்கு ஒரு தூண்டில்தான். ஒன்டாரியோவில் அட்டையையும் இரைமீனையும் ஓர் இரை மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது, மிச்ச இரையைத் தண்ணீரிலோ கரையிலிருந்து 30 மீட்டருக்குள்ளோ கொட்டவும் கூடாது. மிஞ்சிய புழுவையும் மண்ணையும் பையில் கட்டி வீட்டுக் குப்பையில் போடுங்கள். கின்டே போகும் முன் அந்த ஆண்டின் ஒன்டாரியோ விதிப்புத்தகத்தைப் புரட்டிவிடுங்கள்.

தகடுகளைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து முழுக்க உலரவிட்டுப் பெட்டியில் வையுங்கள். வெள்ளி பூசிய தகடு கருத்தால் மெல்லிய துணியில் சமையல் சோடாவைத் தொட்டுத் தேய்த்தால் பளபளப்பு திரும்பும். லீடர்களை நுரைச்சுருளில் சுற்றி, ஒவ்வொன்றின் மேலும் தகட்டின் வடிவம், எண், படகோரத்தில் பார்த்த தொடக்க வேகம் மூன்றையும் சின்னத் துண்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்தமுறை படகு 1 மைலில் போகிறது என்றால், பெட்டியைத் திறந்து 0.8 என்று எழுதியதை எடுத்தால் போதும்.